ஆரஞ்சுக் கோடு

“அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும். ‘அந்தப் பொண்ணு பண்ணின ஸ்டீயரிங்தான் காரணம்’னு ஒரே ஒரு வரி. அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டேன்.”

வாங்க என்று ஒரு வார்த்தை கிடையாது. உட்கார ஒரு ஸ்டூலைக்கூட இழுத்துப் போடவில்லை. வல்லம் வடகால் எஸ்டேட்டின் கடைசித் தெருவில் இருந்த தன் ஷெட்டின் வாசலை அடைத்துக்கொண்டு நின்று இப்படி உத்தரவு போட்டார் ராஜசேகர். கேட்டில் வாட்ச்மேன் ஏற்கெனவே இருபது நிமிடம் வெயிலில் காயப் போட்டிருந்ததில் பாண்டுரங்கனுக்கு மண்டை கொதித்துக்கொண்டிருந்தது.

“அந்த ஒரு வரியையும் நீங்களே எழுதி வாட்ஸப்புல அனுப்பிருந்தா மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாங்களே சார். எனக்குப் பெட்ரோலாவது மிச்சமாயிருக்கும்” என்றான்.

“பாண்டு” என்றாள் எழிலரசி. அதட்டல்தான். ஆனாலும் ‘சரியாகச் சொன்னாய்’ என்கிற அர்த்தமும் அதில் இருப்பதைப் பாண்டுரங்கன் இந்த மூன்று வருடத்தில் புரிந்துகொள்ளப் பழகியிருந்தான். எழிலரசி ஒன்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைக் குடைந்து பார்த்தவள். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். பாண்டுரங்கன் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்பட்ட இடத்தில் வாய்.

நடந்தது இதுதான். உதிரிபாகங்கள் ஏற்றிய டிராலிகளைக் கம்பெனி யார்டுக்குள் இழுத்துப் போக, ஓட்டுநரே இல்லாமல் ரிமோட்டில் ஓடும் ஒரு நாலு சக்கர வண்டியை ராஜசேகரின் ஷெட் செய்திருந்தது. பொம்மைக் கார் மாதிரிதான், ஆனால் ஆறடி நீளம், முக்கால் டன் எடை. அன்று காலை பதினோரு மணிக்கு, வாங்கப் போகிறவர்கள் முன்னால் முதல் ஓட்டம். ரிமோட்டைப் பிடித்திருந்தவள் ஸ்டீயரிங்கைச் செய்த கவியா, டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆன பெண். அவள் வலது பக்கம் திருப்பினாள். வண்டி இடது பக்கம் பாய்ந்து, அங்கே டிராலியோடு நின்றிருந்த கன்னியப்பனின் காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. வண்டியை வாங்கப் போகும் யார்டிலிருந்து டிராலி மாட்டிவிட வந்த ஆள் அவர். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஐந்து மணிக்கு எஸ்.ஐ. அங்கே போய் அவரிடம் வாக்குமூலம் வாங்கப் போகிறார். வாக்குமூலத்தில் கவியா பெயர் ஏறினால் கேஸ்.

“பொண்ணு தப்புன்னா ஆள மாத்திட்டேன்னு சொல்லி ஆர்டரக் காப்பாத்திக்குவேன்” என்றார் ராஜசேகர். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. “வண்டி தப்புன்னா நான் காலி.”

“வண்டியப் பாக்கணும்” என்றாள் எழிலரசி. “அந்தப் பொண்ணும் கூட இருக்கணும்.”

“அவள உள்ள விட மாட்டேன்.”

“அப்போ ‘பார்க்க விடவில்லை’ன்னு அந்த ஒரு வரியை எழுதிடறேன்.”

ராஜசேகர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வழியை விட்டார்.

கவியா பின்பக்கம் காலி ஆயில் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது முடித்த முகம். இப்போது அழுகை இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

“அவரு கூட்டிக்கினு வந்தவங்கதானே நீங்க? அவரு சொன்னதத்தானே எழுதப் போறீங்க?”

“இன்னும் எழுதல. ஸ்டீயரிங் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லு. இவனுக்குப் புரியற மாதிரி” என்று எழிலரசி பாண்டுரங்கனைக் காட்டினாள்.

கவியா வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் வண்டியின் மூக்கைத் திறந்ததும் குரல் மாறிவிட்டது. முதலில் லாரி வைப்பர் மோட்டாரைப் போட்டாளாம். லோடு ஏற்றி நின்ற இடத்திலேயே திருப்பினால் அதற்கு மூச்சு வாங்கியது. அதை எடுத்துவிட்டு கியர்பாக்ஸ் வைத்த பெரிய மோட்டார், அதிலிருந்து செயின், செயினிலிருந்து சக்கரத்துக்குத் தண்டு.

“ரிமோட்ல குச்சியத் தள்ளினா மோட்டார் சுத்தி சக்கரத்தத் திருப்பும். எவ்ளோ திரும்பிச்சுன்னு தோ இந்த சென்சார் பாத்துக்கினே இருக்கும். போதும்னு அது சொன்னா மோட்டார் நிக்கும். அவ்ளோதான்ணே.”

“அப்புறம் ஏன் நிக்கல?”

மோட்டாரின் தலையில் இரண்டு போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கனத்த ஒயர், மேலே ஒரு நட்டு. கவியா குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

“மேடம், ஒயரு மாறிகீது. சேப்பு இருக்கிற எடத்துல கருப்பு கீது.”

“மாறினா?”

“சக்கரம் எதிர்ப் பக்கம் திரும்பும். சென்சார் ‘இன்னும் வரல, இன்னும் வரல’ன்னு சொல்லும். மோட்டார் இன்னும் வேகமா எதிர்ப் பக்கமே தள்ளும். முட்டுற வரைக்கும் நிக்காது. நேரா போற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, திருப்பினாத்தான்.”

“எங்க வூட்ல நானும் என் சம்சாரமும் பேசிக்கிற மாதிரியே கீது” என்றான் பாண்டுரங்கன்.

ராஜசேகர் கையைத் தட்டினார். “பாத்தீங்களா! அவ வாயாலயே சொல்லிட்டா. மாத்தி மாட்டினவ அவதான்!”

“சார், பூஜையில எலுமிச்சம்பழம் ஏத்தும்போது ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். நீங்களே கையத் தட்டினீங்க. அப்புறம் எல்லாரும் முன்னாடி பொங்கல் சாப்பிடப் போனோம்.”

“எவ்வளவு நேரம்?” என்றாள் எழிலரசி.

“இருவது நிமிஷம். திரும்பி வந்து நேரா ஓட்டம்தான்.”

எழிலரசி டார்ச்சை அடித்து வண்டியின் மூக்குக்குள் தலையை விட்டாள். பிறகு வண்டியின் நாலு பக்கமும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பாண்டுரங்கனும் பின்னாலேயே குனிந்தான். என்ன தேடுகிறாள் என்று தெரியாமலே குனிவது அவன் உத்தியோகத்தில் பாதி. ஐம்பது, அறுபது நட்டு இருக்கும். எல்லாம் வெறும் நட்டு. மோட்டார் தலையில் இருந்த அந்த இரண்டில் மட்டும், நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு சின்ன ஆரஞ்சுக் கோடு.

“நட்டுக்கு நாமம் போட்டிருக்காங்க மேடம்.”

“இது மார்க்கிங்” என்றார் ராஜசேகர், தன்னை மறந்து. “பெரிய கம்பெனி அசெம்பிளி லைன்ல நட்ட டைட் பண்ணினதும் இப்படி ஒரு கோடு போடுவாங்க. அப்புறம் நட்டு நகர்ந்தா கோடு ஒடஞ்சு தெரியும். எங்க ஷெட்ல அந்தப் பழக்கம் கெடையாது. அந்த மார்க்கரே கெடையாது.”

“கவியா, நீ லைன்ல வேலை பாத்திருக்கியா?”

“இல்ல மேடம். காலேஜ் முடிச்சதும் நேரா இங்கதான்.”

எழிலரசி நிமிர்ந்து நெட்டி முறித்தாள். “கெடுக்க வந்தவன் கெடுத்துட்டு, கெடுத்தத ஒழுங்கா இறுக்கி, கோடும் போட்டுட்டுப் போயிருக்கான். வேணும்னு போடல. பல வருஷப் பழக்கத்துல கை தானா போட்டிருக்கு. காலையில இங்க இருந்தவங்கள்ல லைன் ஆள் யாரு?”

“பிரவீன்!” என்று பாய்ந்தார் ராஜசேகர். “டிரக் பிளான்ட்ல ஆக்ஸில் லைன். ஷிஃப்ட் இல்லாத நேரம் எனக்கு வெல்டிங் பண்ணுவான். போன வாரம்கூட இவளுக்கும் அவனுக்கும் பெரிய சண்டை.”

ஒரு நிமிடத்துக்கு முன் கவியாவைக் கழுவில் ஏற்றியவர், இப்போது பிரவீனை ஏற்றத் தயாராகிவிட்டார். யார் மாட்டினாலும் சரி, தான் மாட்டக் கூடாது.

“அவனா இருக்காது” என்றாள் கவியா. “சண்ட போட்டான்தான். வாய்தான் அவனுக்கு.”

“மணி ரெண்டே முக்கால்” என்றாள் எழிலரசி. “செகண்ட் ஷிஃப்ட் பஸ் எத்தனை மணிக்கு பாண்டு?”

அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டிருக்கவே வேண்டாம். ஆறு வருடம் அந்த பஸ்ஸை ஓட்டியவன் அவன்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஹாரனால் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. பாண்டுரங்கன் பைக்கை மூன்றாவது பஸ்ஸின் மூக்குக்கு நேராக நிறுத்தினான். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி அவன் பரம்பரையையே இழுக்க வாயெடுத்தவர், ஆளை அடையாளம் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

“ரெண்டே நிமிஷம் தலைவா” என்றான் பாண்டுரங்கன்.

பிரவீன் படியில் கால் வைத்திருந்தான். சாம்பல் நிற யூனிஃபார்ம், தோளில் பை, சட்டைப் பையில் மூடி தெரிய ஒரு மார்க்கர். விஷயத்தைச் சொல்வதற்குள் எகிறினான்.

“நீ யாரு என்னைக் கேக்க? போலீஸா? பஸ்ஸு போனா ஒரு நாள் சம்பளம் போகும், நீ தருவியா?”

“தர மாட்டேன். ஆனா பஸ்ஸப் போகவும் வுட மாட்டேன். என் வண்டி முன்னாடி நிக்கிது, பாத்தியா?”

“சட்டைப் பையில என்ன?” என்றாள் எழிலரசி.

“கண்ணு தெரியலயா? மார்க்கரு. லைன்ல எல்லார் கையிலயும்தான் இருக்கும். போய் ஆயிரம் பேரப் புடி!”

பாண்டுரங்கன் அதை உருவினான். பிரவீன் கையைத் தட்டிவிட்டான், இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. எழிலரசி எதையும் கண்டுகொள்ளாமல் கீழே விழுந்த மார்க்கரை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்தாள். மஞ்சள்.

“நான் தேடறது ஆரஞ்சு” என்றாள்.

பிரவீனின் கோபம் அப்படியே ஏளனமாக மாறியது. “ஆரஞ்சா? லைன்ல ஏது ஆரஞ்சு? நாங்கல்லாம் மஞ்சா. ஆரஞ்சு ரிவொர்க் ஆளுங்களுது. லைன்ல ஒருத்தன் டைட் பண்ணி மார்க் பண்ணத, கோளாறுன்னு அவங்க கழட்டித் திருப்பி மாட்டுவாங்க. ஒரு தபா தொறந்து மூடின நட்டுன்னு தெரியணும்ல, அதுக்குத்தான் வேற கலரு. இதுகூடத் தெரியாம துப்பறிய வந்துட்டாங்க!”

எழிலரசி அசையவில்லை. “அப்போ அவன் கலர்லயே எழுதி வச்சிட்டுப் போயிருக்கான் பாண்டு. ‘இது இன்னொருத்தர் மாட்டினது, நான் கழட்டி மாட்டினேன்’னு.” பிறகு பிரவீனிடம், “ரிவொர்க்ல இருந்த ஆள் யாராவது இன்னைக்குக் காலையில அந்த ஷெட்டுக்கு வந்தாங்களா?”

“ரிவொர்க்கா? நம்ம கன்னியப்பண்ணன் பதினோரு வருஷம் எலக்ட்ரிகல் ரிவொர்க்லதான...” என்று ஆரம்பித்த பிரவீன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

“அடிபட்டுப் படுத்துக்கினு கீறாரே, அவரா?” என்றான் பாண்டுரங்கன்.

பிரவீன் மார்க்கரைப் பிடுங்கிக்கொண்டான். “நான் ஒண்ணும் சொல்லல. அந்த மனுஷன் காண்ட்ராக்ட்லயே பதினோரு வருஷம் ஓட்டினாரு. ஒரு நாள் கேட்ல உள்ள போற கார்டு வேல செய்யல, அவ்ளோதான், அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் யார்டுல டிராலி இழுக்கிற டிராக்டர் ஓட்டப் போனாரு. போய் அவரப் புடிச்சு உள்ள போடுங்க, நல்லா இருப்பீங்க!” என்று காறித் துப்பிவிட்டு பஸ் ஏறினான்.

பாண்டுரங்கன் பைக்கைக் கிளப்பிய பிறகும் அந்த எச்சில் தன் சட்டை மேல் விழுந்தது போலவே இருந்தது. டிராலி இழுக்கும் டிராக்டர் டிரைவர். டிராலி இழுக்க ரிமோட் வண்டி. இந்தக் கணக்கைப் போட எழிலரசி தேவையில்லை, அவனே போதும்.

“ஆனா மேடம், தன் கால்லயே யாராவது வண்டிய வுட்டுக்குவாங்களா?”

“ஓட்டத்துக்கு முன்னாடி பிளான் என்னன்னு கவியாகிட்ட போன் போட்டுக் கேளு.”

ஓரமாக நிறுத்திக் கேட்டான். முதல் திருப்பம் இடது பக்கம் என்றுதான் ஒரு வாரமாகப் பேச்சு. இடது பக்கம் டிராலி, வலது பக்கம் மணல் குவியல். கடைசி நிமிடத்தில் வாங்க வந்த அதிகாரி, “பழக்கின பக்கமே காட்டாதம்மா, அந்தப் பக்கம் திருப்பு” என்றாராம். கவியா குச்சியை வலது பக்கம் தள்ளினாள்.

“பிளான்படி இடது பக்கம் திருப்பியிருந்தா?” என்றான் பாண்டுரங்கன்.

“வண்டி வலது பக்கம் போய் மணல்ல மூக்கக் குத்தியிருக்கும். எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, ஆர்டர் போயிருக்கும். ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. அதனாலதான் அவர் தைரியமா இடது பக்கம் நின்னாரு” என்றாள் எழிலரசி. “ஆனா பாண்டு, நம்ம கையில இருக்கிறது ரெண்டு கோடு மட்டும்தான். கோடு கோர்ட்டுக்குப் போகாது.”

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் வார்டு வாசலிலேயே கன்னியப்பனின் மனைவி ஜோதி பிடித்துக்கொண்டாள்.

“கம்பெனி ஆளுங்களா? இன்னாத்துக்கு வந்தீங்க, சமாதானம் பேசவா? அந்தப் பொண்ணு வெளங்குவாளா? கையில ரிமோட்டு வச்சிக்கினு வெளயாட என் புருஷன் காலுதான் கெடச்சுதா? மண்ண வாரித் தூத்தறேன், அவ நல்லாவே இருக்க மாட்டா!”

“நாங்க கம்பெனி ஆளுங்க இல்லக்கா” என்றான் பாண்டுரங்கன். வேறு கிண்டல் எதுவும் அவன் வாயில் வரவில்லை.

கன்னியப்பன் முழங்கால் வரை கட்டோடு கிடந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலியில் பற்களைக் கடித்தபடி இவர்களை முறைத்தார். “பேசறதுக்கு ஒண்ணுமில்ல. போலீஸ்கிட்ட பேசிக்கிறேன்.”

எழிலரசி தள்ளியே நின்றாள். எரிச்சல் வரவழைக்கும் ஒரு ஆபீசர் குரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலைப் பாண்டுரங்கனுக்குத் தெரியும். அது வந்தால் எங்கேயோ பொறி வைத்தாயிற்று என்று அர்த்தம்.

“எங்களுக்கும் பேச ஒண்ணுமில்ல. காரணம் தெரிஞ்சிடுச்சு. மோட்டார் மேல ரெண்டு நட்டு. எவனோ அரைகுறை ஆள் மாட்டியிருக்கான், ரெண்டும் லூஸ். கையாலயே சுத்துது. ஒயர் ஆடி, வண்டி பேயாட்டம் ஓடிடுச்சு. வேலை தெரியாதவன் கை வச்சா இப்படித்தான்.”

“லூஸா?” கன்னியப்பன் கட்டிலில் எழும்பப் பார்த்தார், வலி பிடித்து இழுத்தது. “யாரு சொன்னது லூஸுன்னு?”

“நான் பாத்தேன்.”

“நீ இன்னாத்தப் பாத்த? கோடு போட்ட நட்டு எப்படி லூஸாகும்? கோடு ஒடஞ்சிருந்துச்சா? சொல்லு, ஒடஞ்சிருந்துச்சா?”

எழிலரசி கட்டில் பக்கம் ஒரு அடி நெருங்கினாள்.

“கோடு போட்டிருந்ததுன்னு நான் சொல்லவே இல்லையே” என்றாள் எழிலரசி, தன் சொந்தக் குரலில்.

கன்னியப்பன் அவளையே பார்த்தார். பிறகு ஜோதியைப் பார்த்தார். ஜோதிக்குப் புரிய இரண்டு மூச்சு நேரம் ஆனது. புரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

“ஆமா, நான்தான்” என்றார் கன்னியப்பன். குரலில் துளிகூட இறக்கம் இல்லை. “இன்னா இப்போ? பதினோரு வருஷம் மத்தவன் பண்ண தப்பெல்லாம் சரி பண்ணேன், அந்த மார்க்கரு இன்னும் என் பையிலதான் கீது. தொரத்திட்டானுங்க. மூணு வருஷமா டிராக்டரு ஓட்றேன். அதுக்கும் ரிமோட்டு. எங்க யார்டுல ஆறு டிரைவரு, ஆறு பேரும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? அந்தப் பொண்ணே ஒயரக் காட்டி, ‘அண்ணே, இத மட்டும் மாத்திடாதீங்க, எதிர்ப் பக்கம் ஓடிடும்’னு சிரிச்சிக்கினே சொல்லிச்சு. மணல்ல குத்தும்னு பாத்தேன். யாருக்கும் அடிபடக் கூடாதுன்னுதான்...”

“அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு மேல பழி விழ வுட்டீங்க?” பாண்டுரங்கனுக்கு அடக்க முடியவில்லை. “கேஸாச்சுன்னா இந்த ரோட்ல ஒரு கம்பெனி கேட்ல அத உள்ள வுடுவானா? கேட்ல கார்டு வேல செய்யாம நின்னா எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?”

“எனக்கு யாரு பாத்தாங்க?” என்று சீறினார் கன்னியப்பன். “எனக்கு எவன் பாத்தான்?”

இந்த ஆளை வெறுக்க வேண்டும் என்று பாண்டுரங்கன் நினைத்தான், முழுசாக முடியவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள் எழிலரசி. “கெடுக்கத்தான் போனீங்க. அப்படியே லேசா மாட்டிட்டு வந்திருக்கலாம். ஏன் அவ்வளவு இறுக்கினீங்க?”

ஒரு முட்டாளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார் கன்னியப்பன். “அவ்ளோ கரன்ட்டு போற ஒயரு. நட்டு லூஸா வுட்டா சூடேறி நெருப்புப் புடிக்கும். பக்கத்துல நிக்கிறவன் செத்துப் போவான்.”

ஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “காலைலேர்ந்து அந்தப் பொண்ணுக்கு மண்ண வாரித் தூத்திக்கினு கீறேன்” என்றாள், யாரிடமும் இல்லாமல். “என் வாயால.”

வராண்டாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சரியாக ஐந்து மணி. எஸ்.ஐ. உள்ளே வந்து, எழிலரசியை யார் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எழுதும் பேடைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பாண்டுரங்கன் வாயைத் திறந்தான். எழிலரசி அவன் காலை மிதித்தாள். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை, மிதித்த மிதியில் உயிர் போனதால் வாயை மட்டும் மூடிக்கொண்டான்.

“சொல்லுங்க கன்னியப்பன். இதுக்குக் காரணமான ஆளு யாரு? பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

கன்னியப்பன் விட்டத்தைப் பார்த்தார். ஜோதி பக்கம் திரும்பினார். அவள் இவர் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கன்னியப்பன். அப்பா பேரு நரசிம்மன். வடக்குப்பட்டு.”

எஸ்.ஐ. சலித்துக்கொண்டார். “உங்க பேர மேலயே எழுதியாச்சுய்யா. தப்பு பண்ண ஆளு பேரு கேக்கறேன்.”

“அதத்தான் சார் சொல்றேன்.”

எஸ்.ஐ.யின் பேனா நின்றது. கன்னியப்பன் தலையைத் திருப்பி எழிலரசியை முறைத்தார். அந்த முறைப்பில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

“இன்னொண்ணும் எழுதிக்குங்க சார்” என்றார். “அந்த ரெண்டு நட்டும் டைட்டாத்தான் இருந்துச்சு.”